குதிரையேறிய பெண்களும் எங்கள் ஆச்சியின் நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் மிஷனரிப் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை, டோனாவூர் படமும் நன்றாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் பெண்கள் ஊர் ஊராகப் போய் வேதம் சொன்னார்கள், அதற்கு முன்னால் வெள்ளைக்காரர் நாட்டிலும் சபையில் பெண் வாய் திறந்ததில்லை என்கிற மாதிரி. அந்த வரி தப்பு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள் நான், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இங்கிலாந்தில் 1650களில் எழும்பியது. ஜார்ஜ் பாக்ஸ் அதற்கு முன்னோடி. அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் குருவானவர் கிடையாது, பலிபீடம் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வெறும் கட்டடத்தில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து அமைதியாகக் காத்திருப்பார்கள். ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசலாம், ஒருவரையும் ஏவாவிட்டால் ஒரு பேச்சும் இல்லாமலே கூட்டம் கலையும். யார் எழும்புகிறாரோ அவர் ஆணா பெண்ணா என்பது அங்கே கேள்வியே இல்லை. சபையில் பெண்கள் பேசாமல் இருக்கட்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைக் காட்டி மற்ற சபைகள் பெண்களை உட்கார வைத்த காலத்தில், மார்கரெட் பெல் என்ற அம்மாள் 1666-இல் சிறையில் இருந்தபடியே பெண்கள் பேசலாம் என்று வேத வசனங்களை எடுத்து எடுத்து வைத்து ஒரு சிறு நூல் எழுதி அச்சிலும் கொண்டுவந்துவிட்டார்.

அது பதினேழாம் நூற்றாண்டு. நான் சொல்ல வந்தது அடுத்த நூற்றாண்டு. 1700-க்கு அப்புறம் முக்கால் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கக் காலனிகள் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் குவேக்கர் ஊழியக்காரர்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் குதிரையிலும் கப்பலிலும் போனவர்கள்.

எப்படிப் போனார்கள் என்பதை நம் ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். 'எனக்கு அந்த ஊர் மேல பாரமா இருக்கு' என்று நம் சபைகளில் சொல்வோம் இல்லையா, அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். பாரம் வந்த பெண் அதைத் தன் மாதக் கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துச் சபையார் மாதம் ஒரு தடவை நிர்வாகத்துக்காகக் கூடும் கூட்டத்தில், எழுந்து சொல்ல வேண்டும். கூட்டத்தார் அவளை விசாரிப்பார்கள், யோசிப்பார்கள், சில சமயம் மாதக் கணக்கில் காக்க வைப்பார்கள். ஒப்புக்கொண்டால் ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இவள் எங்கள் சபையில் நல்ல ஐக்கியத்தில் இருப்பவள், இவளுடைய ஊழியம் எங்களுக்கு ஏற்றது, நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கும். கடல் கடக்க வேண்டுமானால் மாதக் கூட்டம் மட்டும் போதாது, காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் வரை போக வேண்டும், ஆனால் கப்பல் செலவைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். தனியாக அனுப்ப மாட்டார்கள், கூடவே ஒரு துணை. ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி என்றே அந்தத் துணையைச் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக் குவேக்கர் வீட்டார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். போன ஊரில் இன்னொரு குவேக்கர் வீடு சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுத்து, அடுத்த ஊர் வரை வழிகாட்ட ஆளும் அனுப்பும். திரும்பி வரும்போது போன இடத்தார் எழுதிக் கொடுத்த சான்றிதழ்களைக் கொண்டுவந்து சொந்தக் கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்தப் பெண்களின் தைரியம் பெரிது, சரி, ஆனால் அந்தத் தைரியத்துக்குப் பின்னால் ஒரு சபையே கையெழுத்துப் போட்டு நின்றது. காகிதம் இருந்தது.

1753 கடைசியில் அயர்லாந்தைச் சேர்ந்த மேரி பெய்ஸ்லி, இங்கிலாந்தில் டட்லி ஊரைச் சேர்ந்த கேதரின் பெய்டன் என்று இரண்டு பேர் அமெரிக்காவின் தெற்கே சார்லஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள். கேதரினுக்கு அப்போது 26 வயது, மேரிக்கு முப்பத்தைந்து, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அங்கிருந்து கரோலினாக் காடுகள் வழியாகக் குதிரையில் வடக்கே போனார்கள். ஆற்றுக்குப் பாலம் இல்லை, வீடு கிடைக்காத இரவுகளில் காட்டிலேயே தங்க வேண்டி வந்தது. 1756-இல் ஊர் திரும்புவதற்குள் கேதரின் போன தூரம் எட்டாயிரம் மைலுக்கு மேல். நம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு மூன்று தடவைக்கு மேல் போகிற தூரம், அதுவும் குதிரை மேல். சும்மா பிரசங்கம் பண்ணிவிட்டு வந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அப்போது பென்சில்வேனியாச் சட்டசபையில் குவேக்கர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், யுத்தத்துக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தில் பங்கு இல்லை என்று சொல்கிற சபையின் ஆட்கள் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று இந்தப் பெண்கள் நேருக்கு நேர் கேட்டார்கள். பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்று வசை வந்தது. வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மேரி ஊர் திரும்பி, 1757 மார்ச்சில் சாமுவேல் நீல் என்பவரைக் கல்யாணம் செய்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேதரினோ தன்னைக் கேட்டு வந்தவருக்குப் பல வருஷம் பதில் சொல்லாமல் ஊழியத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, 1772-இல், 45 வயதில்தான் கல்யாணம் செய்தார்.

இவர்கள் ஓரளவு வசதியான வீட்டுப் பெண்கள் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் எலிசபெத் ஆஷ்பிரிட்ஜைப் பாருங்கள். 1713-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 14 வயதில் வீட்டை விட்டு ஓடிக் கல்யாணம், ஐந்தே மாதத்தில் தாலி அறுத்தாயிற்று. அப்பா முகத்தில் விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் அயர்லாந்து, அங்கிருந்து ஏமாற்றப்பட்டு 1732-இல் கொத்தடிமை மாதிரி எழுதி வாங்கிய வேலைக்காரியாக நியூயார்க். எசமான் கொடுமை தாங்காமல் சாகக்கூட நினைத்திருக்கிறார். பிறகு தையல் வேலை செய்து மீதிக் காலத்தை விலை கொடுத்து மீட்டு வெளியே வந்து, சல்லிவன் என்ற வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு இவர் ஆடும் நாட்டியம்தான் பிடித்தது. ஒரு சமயம் எலிசபெத் குவேக்கர் கூட்டத்துக்குப் போய், ஒரு பெண் எழுந்து பேசுவதைப் பார்த்து, 'ஐயோ பாவம், விவரம் தெரியாதவள்' என்று இளக்காரமாக நினைத்தாராம். பிற்பாடு பென்சில்வேனியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் அந்த இளக்காரமே உடைந்து, அழுது, அவரும் குவேக்கர் ஆனார்.

புருஷனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சத்திரத்தில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்க்க மனைவியின் கையைப் பிடித்து இழுத்து ஆடச் சொன்னான். அவள் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வழிகிறது, இவன் விடாமல் தரையெல்லாம் இழுக்கிறான். பிடில் வாசித்தவர் வில்லை எடுத்துவிட்டார். இனி நான் வாசிக்க மாட்டேன், உன் பெண்சாதியை விடு என்றார். பெயர் தெரியாத அந்தப் பிடில்காரர் என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். இன்னொரு நாள் பேனாக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு நீ கூட்டத்துக்குப் போனால் காலை முடமாக்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். அவர் போனார். பிறகு அந்தச் சல்லிவனே குடித்துவிட்டுப் பட்டாளத்தில் பேர் கொடுத்து, சண்டைக்குப் போன இடத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்து, அடி வாங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவன் வைத்துவிட்டுப் போன கடனைப் பள்ளிக்கூடம் நடத்தியும் தைத்தும் எலிசபெத்தான் அடைத்தார். மறுபடி கல்யாணம், அப்புறம் ஊழியத்துக்காக 1753-இல் அயர்லாந்து பயணம், 1755-இல் அங்கேயே மரணம். இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்தார், சபையார் அதைக் கைப்பிரதி எடுத்து எடுத்துக் காப்பாற்றினார்கள்.

ஜேன் ஹாஸ்கன்ஸும் அப்படித்தான். 1712-இல் பிலடெல்பியா வந்த ஏழைப் பெண், கப்பல் கூலிக் கடனுக்காக ஜெயிலில் போட்டார்கள், குவேக்கர்கள் கடனைக் கட்டி மீட்டுத் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார்கள். பிற்பாடு பார்படோஸ் தீவு வரை போய்ப் பேசியவர். சூசன்னா மாரிஸ் மூன்று தடவை கப்பல் உடைந்தும் பிழைத்து, 70 வயதை நெருங்கும்போது மறுபடியும் கடல் ஏறினார். கெண்டல் ஊர் ரேச்சல் வில்சன் வீடு நிறையப் பிள்ளைகளைக் கணவர் ஐசக்கிடம் விட்டுவிட்டு 1768, 1769 வருஷங்களில் அமெரிக்கா முழுதும் சுற்றினார், குவேக்கர் அல்லாதவர்களும் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். சாரா ஹாரிசன் 1780களில் தெற்கே போய், அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் வீடுகளிலேயே உட்கார்ந்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். பிலடெல்பியாக் குவேக்கர்கள் 1776-இல் அடிமை வைத்திருப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்று முடிவு செய்தார்கள் என்றால், அதற்கு சாராவுக்கு முன்னாலேயே இப்படி வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களும் ஒரு காரணம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சபை நிர்வாகத்தில் ஆண்கள் கூட்டத்தின் கைதான் ஓங்கியிருந்தது. லண்டனில் பெண்களுக்கென்று தனி ஆண்டுக் கூட்டம் 1784-இல்தான் அங்கீகாரம் பெற்றது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த ரெபேக்கா ஜோன்ஸ் போன்றவர்கள் கூட நின்று பேசிய பிறகு. நூலாக அச்சிட வேண்டுமானால் லண்டனில் ஒரு குழு படித்து அனுமதிக்க வேண்டும், அந்தக் குழுவில் ஆண்கள்தான். வெளியே இருந்து வந்த ஏச்சு வேறு. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், அவ்வளவு படித்த மனிதர், 1763-இல் பெண் பிரசங்கிப்பதை நாய் பின்னங்காலில் நடப்பதோடு ஒப்பிட்டார். அந்த வாசகம் இன்றைக்கும் மேற்கோளாக ஓடுகிறது. அதே வருஷங்களில் குதிரை மேல் போய்க்கொண்டிருந்த பெண்களின் பெயர் உங்கள் கட்டுரையாளருக்குக்கூடத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இது எங்கேயோ நடந்த கதை, திருநெல்வேலிப் பத்திரிகைக்கு எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். டோனாவூரைப் பற்றி அவ்வளவு எழுதினீர்களே, அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைத் தன் வீட்டில் மகள் மாதிரி வைத்திருந்த ராபர்ட் வில்சன் ஒரு குவேக்கர். இங்கிலாந்தின் வடமேற்கே பிராட்டன் கிரேஞ்ச் என்ற அவர் வீட்டிலிருந்துதான் அம்மா ஊழியத்துக்குப் புறப்பட்டார். இங்கே வந்தபின் பொன்னம்மாளையும் இன்னும் சில தமிழ்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போன அந்தக் கூட்டத்தைத்தான் நட்சத்திரக் கூட்டம் என்றார்கள். உங்கள் கட்டுரையில் அந்த வண்டி வருகிறது, அதில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்கள் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனில் பெண்கள் கூட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்த 1784-க்கு அடுத்த வருஷம், 1785-இல், நம் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலை ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். விதவை, பிராமணப் பெண், வெள்ளைக்கார அதிகாரியோடு வாழ்ந்தவள் என்று ஞானஸ்நானத்துக்கே காத்திருக்க வேண்டி வந்தது, 1778-இல்தான் கிடைத்தது. 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலித் திருச்சபையின் ஏட்டைத் திறந்தால் முதல் வரியில் ஒரு பெண் நிற்கிறாள். ஆனால் அவர் தம் கைப்பட எழுதியது என்று நாம் எடுத்துப் படிக்க ஒரு பயணக் குறிப்பு உண்டா? அவரைப் பற்றி ஐயர்மார் எழுதியதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் வீட்டு விஷயம். எங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சி பைபிள் உமன், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக் கொடுப்பவர். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், தமிழில் வேறு பெயர் வீட்டில் நான் கேட்டதில்லை. மெஞ்ஞானபுரம் பக்கம் தேரிக்காட்டு ஓரத்து ஊர்களில் இருபத்து மூன்று வருஷம் நடந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஒரு துணிப்பை. கூடவே இன்னொரு அம்மாள், நாங்கள் சின்னாச்சி என்போம், உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவார்கள், ஒன்றாகத்தான் வருவார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தச் சிவப்பு மணலில் கால் வைக்க முடியாது, அதனால் விடியுமுன் புறப்பட்டு, மத்தியானம் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கி, மணல் ஆறினபின் திரும்புவார்களாம். எந்தத் திண்ணையில் இருக்கவிட்டார்கள், எதில் விடவில்லை என்பதெல்லாம் ஆச்சி கடைசிவரை மறக்கவில்லை. குவேக்கர்கள் நுகத்துணை என்று சொன்னதைப் படித்தபோது எனக்குக் கேதரினும் மேரியும் ஞாபகத்துக்கு வரவில்லை, ஆச்சியும் சின்னாச்சியும் ஒரே குடைக்குள் வருவதுதான் வந்தது.

அம்மா இறந்தபின் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது அடியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. காப்பியிங் பென்சில் எழுத்து, தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஊதாவாகப் பரவியிருக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'செவ்வாய். ஏழு வீடு. இரண்டு பேர் எழுத்துக் கூட்டினார்கள். கடைசி வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், பாடம் இல்லை, கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.' அடுத்த வரி: 'கால் வலி. புதன் போகவில்லை.' வியாழன் மறுபடி ஆறு வீடு. நோட்டில் மொத்தம் 61 பக்கம். நடுவில் சில தாள்களை யாரோ கிழித்திருக்கிறார்கள், அடுப்புக்கோ மளிகைச் சாமான் மடிக்கவோ போயிருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஆச்சி நடந்த பக்கத்துச் சபை ஒன்றில் நூற்றாண்டு விழா மலர் போட்டார்கள். சபையின் பெயர் வேண்டாம். சேகரகுருமார் பெயர் வருஷம் வாரியாக, உபதேசியார்மார் பெயர், கோயில்பிள்ளைமார் பெயர், மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர், அசனம் என்கிற சபை விருந்துக்கு ஆடு கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. வீடு வீடாகப் போய் அந்தச் சபையின் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இரண்டு பேரும் இல்லை. போய்க் கேட்டேன். 'ரெக்கார்டுல இல்லம்மா' என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ரெக்கார்டில் இல்லைதான். யாரும் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. ஆச்சி எழுதியதும் பெட்டியில் கிடந்தது.

அதனால் இரண்டு கோரிக்கை. ஒன்று, அந்த வரியைத் திருத்தி, பதினெட்டாம் நூற்றாண்டுக் குவேக்கர் பெண் ஊழியக்காரர்களைப் பற்றி ஒரு குறிப்பாவது போடுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். நாசரேத், சாயர்புரம், இடையன்குடி, சுரண்டை, நல்லூர், பண்ணைவிளை, டோனாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பைபிள் உமனாக இருந்த ஒரு ஆச்சி ஏதாவது ஒரு வீட்டில் இருந்திருப்பார். அவர்களுடைய நோட்டு, கடிதம், சம்பளச் சீட்டு, போட்டோ எதுவானாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருங்கள் என்று உங்கள் பத்திரிகை கேட்டால் ஜனங்கள் கேட்பார்கள், நான் கேட்டால் யார் கேட்கப்போகிறார்கள். கிடைப்பதை வாரம் ஒன்றாக, கால் பக்கம் போதும், வெளியிடுங்கள். ஆச்சி நோட்டின் முதல் பன்னிரண்டு பக்கத்தை என் பேத்தி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள், ஊதா பரவிய இடங்களை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சரி என்று சொன்னால் அடுத்த வாரம் அனுப்புகிறேன். சின்னாச்சியின் முழுப் பெயர் மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை, நோட்டில் எல்லா இடத்திலும் 'கூட வந்தவள்' என்றே இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது உங்களுக்கு எழுதினால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை,
பாளையங்கோட்டை